பாதி விலைக்கு

பழைய பஸ் ஸ்டாண்டு ராயப்பன் கடையில்
மாத நாவல் பாதி விலை.
படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதிலும் பாதி கையில்.
அட்டையில் எப்போதும் ஒரு பங்களா, ஒரு பெண்,
இடம் மிச்சமிருந்தால் நிலா.
காதலனுக்கு அடுத்தவர் மனசு கேட்கும்.
காதலிக்கு நாளை நடப்பது கனவில் வரும்.
கொலைகாரன் மட்டும் எப்படியோ
தொண்ணூறாம் பக்கம் வரை தப்பித்துக்கொண்டிருப்பான்.

எனக்குச் சிரிப்பு வரும்.
எனக்கும் கொஞ்சம் உண்டு அது.
தொட்டால் தெரியும். நாளை இல்லை,
நேற்று மட்டும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.
ஷிப்டுக்கு எண்ணூறு உருப்படி கையில் புரளும்.
காலர் வைத்த ஒடிசாப் பையன்
அம்மாவோடு போனில் சண்டை போட்டிருக்கிறான்.
காஜா எடுத்தவளுக்குப் பல்வலி.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள்,
ஒரு நாள் சம்பளம் போகும்.

மார்கழியில் வாங்கிய நாவலில்
முப்பத்து நாலாம் பக்கத்து ஓரம், பென்சிலில்:
'வெள்ளிக்கிழமை கம்பெனி வேன்ல ஏறாதீங் மயிலாத்தா.'

கம்பெனியில் நான் மயிலா.
ரேஷன் கார்டில் மட்டும்தான் அந்த ஆத்தா.

எழுத்தின் மேல் விரல் வைத்தேன்.
டீசல் வாசம். சாயப்பட்டறைக்குத் தண்ணி அடிக்கும் லாரி.
கட்டைவிரலில் நசுங்கிக் கறுத்த நகம்.
கை நடுங்கியிருக்கிறது, பனியால் அல்ல.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
அணைந்து அணைந்து எரிகிறது.
முகம் தெரியவில்லை.
எழுதுகிற கை தன் முகத்தை எங்கே பார்க்கப்போகிறது?

வெள்ளிக்கிழமை தலைவலி என்று நின்றுகொண்டேன்.
அவிநாசிபாளையம் பிரிவுக்கு முன்னால்
வேன் பள்ளத்தில்.
என் சீட்டில் உட்கார்ந்த ரத்தினாவுக்கு
இடுப்பில் கம்பி வைத்தார்கள்.
அவளிடம் ஏன் சொல்லவில்லை?
ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போன அன்றைக்கும்
சொல்லவில்லை.

அப்புறம் நான் நாவலைப் பார்த்து எடுப்பதில்லை,
தடவி எடுத்தேன்.
'ஏனுங் அம்மிணி, கத்திரிக்காயா வாங்கறீங்?'
என்றான் ராயப்பன்.

இரண்டு கிடைத்தன.
ஒன்றில்: 'உங்க அண்ணனுக்குப் பணம் குடுக்காதீங்.'
கொடுத்துவிட்டிருந்தேன்.
இன்னொன்றில்:
'நான் படிச்சதை அடுத்துப் படிக்கறவங்க ஆருன்னு
எனக்குத் தெரியுமுங்.
அவங்களுக்கு வர்றதும் கொஞ்சம் தெரியும்.
எனக்கு வர்றது மட்டும் தெரியாதுங்.'

எனக்கு முன்னால் இருந்தவன்.
அவனுக்குப் பின்னால் இருப்பவள்.
நடுவில் துருப்பிடித்த இரண்டு ஸ்டேபிள் பின்.

மாசியில் வந்த புத்தகத்தில்
கடைசிப் பதினாறு பக்கம் இல்லை.
அட்டையின் உட்புறம் எழுதியிருந்தான்:
'உங்களுக்குப் பொறவு இந்தப் புத்தகத்துக்கு ஆளே இல்லீங்.
எத்தனை தடவை பாத்தாலும் இருட்டுங்.
பயமாருக்குதுங்.'

மூன்று ராத்திரி தூங்கவில்லை.
கத்தரியை மேசையின் அந்தக் கோடியில் வைத்தேன்.
மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்கினேன்.
எதிரே வரும் ஒவ்வொரு லாரியும்
என் பேர் கேட்டு வருவது போல் இருந்தது.
நாலாம் நாள் அந்த அட்டையில் உள்ளங்கையை வைத்து
எடுக்காமல் உட்கார்ந்தேன்.
தாராபுரம் ரோடு. புளியமரத்தடி டீக்கடை.
பச்சை டேங்கர், கதவில் 'சென்னியப்பன் துணை'.

சாமி பேர் என்று நினைத்திருந்தேன்.
அவன் பேரே அதுதான்.
கூப்பிடும் முன்னே திரும்பினான்.
'உசுரோட இருக்கீங்' என்றான்,
ஏதோ நான் வாக்குத் தவறியதுபோல்.

'புத்தகத்தைக் கடையில திருப்பிக் குடுத்துட்டீங்களா?'
'இல்லீங். இதைக் குடுக்கப்போறதில்லீங்.'

அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.
விற்காத புத்தகத்துக்கு
அடுத்த ஆள் எங்கிருந்து வருவான்?
இத்தனை நாள் அவன் பார்த்துப் பயந்த இருட்டு
என் தகரப் பெட்டியின் உள்பக்கம்.
சிரித்தான். ஒரு பல் கொஞ்சம் உடைந்திருந்தது.
பெஞ்சில் கையை வைத்தான், உள்ளங்கை மேலே பார்க்க,
அந்தக் கறுத்த நகத்தோடு.

'பதினாறு பக்கம் எங்கேங்?' என்றேன்.

காற்றாலைகளைப் பார்த்தான்.
பதில் சொல்லவில்லை.

தொட்டால் தெரிந்துவிடும்.
யார் கிழித்தது, ஏன் கிழித்தது,
நகம் எந்தக் கதவில் நசுங்கியது,
எனக்கு முன்னால் எழுதிய கடிதங்கள், எல்லாம்.

என் கையை டம்ளரைச் சுற்றி வைத்துக்கொண்டேன்.
டீ ஆறட்டும்.